சானாவா, தொட்டிக் குளியலா, ஆவியா, எண்ணெய்க் குளியலா: திருநெல்வேலி வீட்டுக்கு எது ஆகும்?

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது குளியலறைக்கென்று தனியாக ஒரு கனவு இருக்கிறது. முன்பெல்லாம் பேச்சு கீசரோடு முடிந்துவிடும். இன்று சானா அறை (உலர்ந்த சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் அறை), ஸ்டீம் (நீராவி அறை), பாத்டப் என்று போகிறது. பெருமாள்புரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் அத்தான் துபாயிலிருந்து போன் போட்டுக் கேட்டார்: "மாப்ளே, இங்க ஜிம்முல சானாவுல உக்காந்து எந்திரிச்சா ஒடம்பு பஞ்சு மாதிரி ஆயிருது. வீட்டுலயே ஒண்ணு போட்டுட்டா அப்பாவுக்கும் மூட்டுவலிக்கு ஆகும்லா?"

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அந்த வீட்டில் நாலு உடம்பு இருக்கிறது. அத்தானுக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது. அவர் அப்பா, அதாவது மாமாவுக்கு, எழுபது தாண்டிவிட்டது. பல வருஷத்துச் சர்க்கரை, முழங்காலும் தேய்ந்திருக்கிறது. அக்கா தையல் மெஷினில் குனிந்தே இருப்பதால் கழுத்துவலிக்காரி, ராத்திரி தூக்கமும் சரியில்லை. மகனுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது. நாலு பேருக்கும் நாலு விதமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் குளிக்கப்போகிறார்கள் என்பது தெரியாமல் எந்தக் குளியல் நல்லது என்று பேசுவது வீண்.

பின்லாந்து கணக்கு

சானாவைப் பற்றி உலகம் முழுக்கப் பரவியிருக்கும் நல்ல செய்திகளில் பெரும்பகுதி ஒரே ஊரிலிருந்து வருகிறது. பின்லாந்தின் கிழக்கே குவோபியோ என்ற ஊர். அங்கே 42 முதல் 60 வயது வரையான 2,315 ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வாளர் யாரி லௌக்கனன் குழு அந்த முடிவை 2015-இல் வெளியிட்டது. வாரம் ஒருமுறை சானாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், 2 அல்லது 3 முறை போனவர்களிடம் திடீரென இதயம் நின்று இறப்பது 22 சதவீதம் குறைவு. 4 முதல் 7 முறை போனவர்களிடம் 63 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் நேரும் மரணத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களிடம் அது 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆட்களை வைத்துப் பின்னர் வந்த ஆய்வுகள் உயர் ரத்த அழுத்தமும் மறதி நோயும் இவர்களிடம் குறைவு என்றன.

இந்த எண்களைப் பார்த்ததும் கொத்தனாரைக் கூப்பிடத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து உள்ளே பார்க்க வேண்டும். வாரம் 4 முறையோ அதற்கு மேலோ போனவர்கள் மொத்தமே 201 பேர். பெரிய எண்கள் எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் மேல் நிற்கின்றன. சானாவுக்கே போகாதவர்கள் என்று ஒப்பிட ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த நாட்டில் அப்படி ஆள் கிடைப்பது அபூர்வம். சுமார் 55 லட்சம் பேருக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சானாக்கள் இருக்கும் நாடு அது. 2020-இல் யுனெஸ்கோ அந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று, உடம்பு தெம்பாக இருக்கிறவன்தான் வாரத்துக்கு ஐந்து நாள் 80 டிகிரி சூட்டில் போய் உட்காருவான். நெஞ்சுவலிக்காரன் போக மாட்டான். புகை, குடி, உடற்பயிற்சி, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துத்தான் முடிவு சொன்னார்கள் என்றாலும், இந்தச் சந்தேகத்தை முழுவதுமாகக் கழிக்க முடியாது. சானாவும் நீண்ட ஆயுளும் சேர்ந்து போகின்றன என்று இந்த ஆய்வு காட்டுகிறது. சானாதான் ஆயுளைக் கூட்டியது என்று அதனால் நிரூபிக்க முடியாது.

ஆனால் உடம்புக்குள் நடப்பது தெளிவாகவே தெரியும். சூடு ஏறினால் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. நாடி நிமிஷத்துக்கு 100-க்கு மேல் போகிறது, சிலருக்கு 150-ஐத் தொடும். உட்கார்ந்த இடத்திலேயே இதயம் வேக நடை நடக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் வியர்க்கும். வெளியே வந்ததும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். இது அடிக்கடி நடக்கும்போது குழாய்கள் இளக்கமாகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் நடந்தாலும் இதே நன்மை உண்டு, கால் தசையும் கூடவே பலப்படும். காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வருகிறவர்களுக்குச் சானா இல்லாத குறை பெரிதாக ஒன்றும் கிடையாது.

வியர்வையோடு உடம்பின் நஞ்செல்லாம் இறங்கிவிடும் என்று விளம்பரத்தில் போடுவதை நம்ப வேண்டாம். வியர்வை என்பது தண்ணீரும் உப்பும்தான். கழிவை எடுக்க ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எடை குறைந்ததாகத் தெரிவதும் தண்ணீர் எடைதான். ரெண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

வெந்நீர் குளியல்: நம்முடையதும் ஜப்பானுடையதும்

சானாவைத் தவிர்த்தால் பெரிய ஆய்வு வெந்நீர் தொட்டிக்குத்தான் இருக்கிறது. ஜப்பானில் 40 முதல் 59 வயதுக்குட்பட்ட 30,000-க்கும் மேற்பட்டவர்களை 1990-இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020-இல் வெளியிட்டார்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தொட்டிக்குள் இறங்காதவர்களைவிட, அநேகமாகத் தினமும் இறங்கியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் 28 சதவீதமும், பக்கவாதம் 26 சதவீதமும் குறைவு. திடீர் இதய மரணத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, "நாங்கதான் தினமும் வென்னில குளிக்கோமே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. நாம் வாளியில் விளாவி வைத்துக்கொண்டு செம்பில் மொண்டு ஊற்றுகிறோம். ஊற்றிய தண்ணீர் தோளில் பட்டு வழிந்து ஓடிவிடுகிறது, அடுத்த செம்புக்குள் முதுகு ஆறிவிடுகிறது. ஜப்பானியர் செய்வது தோள்வரை அமிழ்ந்து பத்து, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பது. அதில்தான் உள்ளுடம்பின் சூடு ஒரு டிகிரி அளவுக்கு ஏறும். தண்ணீரின் அழுத்தம் காலிலிருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதும் அதில்தான். அந்த நன்மையைச் செம்புக் குளியலில் எதிர்பார்க்க முடியாது. அழுக்குப் போகும், அலுப்புத் தீரும்; அதுவும் வேண்டியதுதான், ஆனால் அது வேறு.

தொட்டியில் அமிழ்வதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத இளவயதினரை 8 வாரம், வாரத்துக்கு 4, 5 நாள் 40.5 டிகிரி நீரில் உட்காரவைத்தார்கள். ரத்தக்குழாய்கள் விரியும் தன்மை கூடி, அழுத்தமும் குறைந்தது. இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த சிறு சோதனை ஒன்றில், 40 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் இருந்தவர்கள் சுமார் 140 கலோரி செலவழித்தார்கள்; அதே நேரம் சைக்கிள் மிதித்தபோது சுமார் 630. எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கத்துக்கு மட்டும் வெந்நீரை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் 40 முதல் 42 டிகிரி நீரில் பத்து நிமிஷம் இருந்தாலே தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் சொன்னார்கள். வெந்நீர் உள்ளங்கையிலும் பாதத்திலும் ரத்தத்தை இழுத்து, பிறகு உள்ளுடம்பைக் குளிரவைக்கிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைத்து வருகிறது. கணுக்கால் மூழ்க ஒரு பேசினில் கால் வைத்து உட்கார்ந்தாலும் ஓரளவு இந்தப் பலன் உண்டு. அக்காவுக்கு இதுதான் என் முதல் யோசனை. தொட்டியே வேண்டாம்.

தொட்டி வாங்குவதென்றால் கீசரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு பாத்டப்பை ஓரளவு நிரப்ப 150 லிட்டர் வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்தால், அதை 40-க்கு ஏற்ற ஏறக்குறைய 2 யூனிட் கரண்ட். செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வீடுகளில் மாட்டியிருப்பது 15 அல்லது 25 லிட்டர் கீசர். 25 லிட்டரை 65 டிகிரிக்குக் காயவைத்து விளாவினால் 40 டிகிரியில் 80 லிட்டர்கூடத் தேறாது. பாதித் தொட்டி நிறைவதற்குள் முதலில் விழுந்த தண்ணீர் ஆறத் தொடங்கும். பலர் வீட்டில் பாத்டப் துணி ஊறப்போடும் இடமாகப் போனதற்கு இதுதான் காரணம். கோடையில் நிலத்தடி நீர் இறங்கி, லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் ஒரு குளியலுக்கு 150 லிட்டர் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடை பிளக்கைப் பிடுங்காமல் தொட்டு உயிர்விட்டவர்கள் உண்டு. சூட்டின் நன்மை தீமைகளைப் பேசுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஆவி

குற்றாலத்திலும் பாளையங்கோட்டையிலும் மசாஜ் முடித்து ஆவிப்பெட்டியில் உட்காரவைக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேது எனப்படும் ஆவி பிடித்தலும் ஒன்று. நொச்சி, யூகலிப்டஸ் இலை போட்டு ஆவி பிடிப்பது நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. மூக்கடைப்பு நேரத்தில் சுகமாக இருக்கும்; நோயின் நாட்களைக் குறைக்கும் என்று சொல்ல முடியாது. கொதிக்கிற சட்டியைக் குழந்தையின் மடிக்கருகே வைத்து வெந்துபோன சம்பவங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சட்டி எப்போதும் தரையில், பெரியவர் கைக்குள் இருக்க வேண்டும்.

சானாவுக்கும் ஸ்டீமுக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊருக்கு முக்கியம். சானாவில் காற்று 80, 90 டிகிரி இருந்தாலும் உலர்ந்தது. வியர்வை உடனே ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். ஸ்டீம் அறை 45 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் காற்று முழுக்க ஈரம். வியர்வை ஆறாது. அதோடு நீராவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தன் சூட்டையும் இறக்கிவிடுகிறது. தெர்மாமீட்டரில் எண் குறைவு என்பதால் இளப்பமாக நினைக்கக் கூடாது. தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மரப்பெட்டி இந்த விஷயத்தில் நல்ல யோசனை: மூச்சுக்கு வெளிக்காற்று கிடைக்கும், முகம் பார்த்து ஆள் சோர்வதைப் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிக்கலாம். ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் மடக்குக் கூடாரமும் இந்த வகைதான். வாங்கினால், வீட்டில் வேறு ஆள் இருக்கும்போது மட்டும் உட்காருங்கள். நீண்ட ஆயுளுக்கு ஸ்டீமை வைத்துப் பின்லாந்து அளவில் ஆய்வு இல்லை. சானாவின் எண்களைத் தூக்கி இதன்மேல் ஒட்டுவது சரியல்ல.

எண்ணெய்க் குளியல்

ஆணுக்குச் சனி, பெண்ணுக்குச் செவ்வாய், வெள்ளி என்று வாரக் கிழமையோடு கட்டிவைத்த பழக்கம் நம்முடையது. நல்லெண்ணெய் தடவி, ஊறி, சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் தேய்த்துக் குளிப்பது. இதய நோய் குறையும் என்று காட்டும் பெரிய ஆய்வு இதற்குக் கிடையாது. ஆனால் வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லது. அரை மணி நேரம் ஒருவர் கை இன்னொருவர் முதுகைத் தேய்ப்பதும், அன்றைக்கு வேலையைக் குறைத்துக்கொண்டு ரசம் சோறோடு ஓய்வாக இருப்பதும் உடம்புக்குக் கிடைக்கும் உண்மையான ஓய்வு. சூட்டை மட்டும் பார்த்து இதை எடை போட்டால் தோற்றுவிடும். எனக்கு இதை விட மனமில்லை. பயம் ஒன்றுதான்: எண்ணெய் பட்ட டைல்ஸ். அறுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் சானா தரும் எந்த நன்மையும் அதை ஈடுகட்டாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதைக் கைக்குழந்தைக்குச் செய்யவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம்.

வலிக்கு ஒத்தடம்

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் முறம், தலை குனிந்து, நாள் முழுக்க விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் கழுத்துப் பின்னால் கல் வைத்தது போல் இறுகிக் கிடக்கும். இவர்களுக்கு உடம்பு முழுக்கச் சூடேற்ற வேண்டியதில்லை. வாணலியில் ரெண்டு கை கல்லுப்பைப் போட்டு, படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டுவார்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூடு வந்ததும் கழுத்திலிருந்து தோள் வரை தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். தசைவலிக்கு நேரடிச் சூடு இதம் தரும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. இருபது நிமிஷ வேலை, செலவும் இல்லை. மாமாவின் மூட்டுத் தேய்மானத்துக்கும் சானாவைவிட இதுவே பொருத்தம். முட்டி வீங்கிச் சிவந்து கொதித்தால் மட்டும் சூடு வைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சூட்டு விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பல வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போகும். கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று சுடுதண்ணியில் பாதத்தை வைப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக் கை வைக்க முடியாத சூடு, அவருக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். மறுநாள் காலையில் உள்ளங்காலில் கொப்புளம் கண்டுபிடிக்கும்போது புண் ஆகியிருக்கும். அது ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குக்கூடக் கொண்டுபோகும். ஆகவே மாமாவுக்குப் பாத வெந்நீர் வேண்டாம். முழங்கால் ஒத்தடத்தையும் சர்க்கரை இல்லாத கை ஒன்று தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி போட்ட உடனே வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கும்.

யாருக்கு வேண்டாம்

நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்கள், மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவர்கள், இதய வால்வு இறுகிப்போனவர்கள் சானா, ஸ்டீம், அமிழ்வுக் குளியல் எதிலும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடம்புச்சூட்டை அதிகம் ஏற்றுவது குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவதைப் பாதிக்கலாம். குடித்துவிட்டு உட்காரவே கூடாது. பின்லாந்தில் சானாவுக்குள் நேரும் சாவுகளில் மதுவின் பங்கு பெரிது. ஜப்பானில் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் தொட்டிக்குள் மயங்கி மூழ்குகிறார்கள். அங்குள்ள நுகர்வோர் அமைப்பு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிஷத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். நன்மைக்கு ஆய்வு தந்த நாடே எச்சரிக்கையையும் தருகிறது.

புதுமாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. இத்தாலியில் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையில், மூன்று மாதம் வாரம் இருமுறை சானாவில் 15 நிமிஷம் உட்கார்ந்தவர்களின் விந்தணு எண்ணிக்கை குறைந்தது. நிறுத்திய பிறகு ஆறு மாதத்துக்குள் பழையபடி ஆனது. பிள்ளைக்கு எதிர்பார்க்கும் காலத்தில் தள்ளிவைப்பது நல்லது.

நம் வெயில்

இங்கே மார்ச் முடிவிலிருந்தே சூடு தொடங்கி, கத்திரியில் 40 டிகிரியை எட்டும். வயலிலும் செங்கல் சூளையிலும் தூத்துக்குடி உப்பளத்திலும் நிற்கிறவர்களைப் பார்த்து, "இவங்களுக்கு வெயிலே சானாதான்" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சானாவில் உட்காருகிறவர் இருபது நிமிஷத்தில் கதவைத் திறந்து வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார். உப்பளத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. எட்டு மணி நேரச் சூடு, குறைந்த தண்ணீர், அதன்மேல் உழைப்பு: இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் கூட்டு. அவருக்கு வேண்டியது நிழலும் உப்புப்போட்ட மோரும் இடைவேளையும். நாள் முழுக்க வெயிலில் நின்ற யாரும் அன்று மாலை மேலும் சூட்டைத் தேட வேண்டியதில்லை. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இறங்கி முங்குவது போதும்.

ஆகவே வெந்நீர், ஆவி எதுவானாலும் ஐப்பசி மழையிலிருந்து மாசி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. சித்திரை, வைகாசியில் வேண்டாம். சாரல் காலத்தில் குற்றால அருவியில் நின்றுவிட்டு உடனே ஸ்டீமில் நுழைவதும், ஸ்டீமிலிருந்து நேரே அருவிக்குப் போவதும் இதய நோயாளிக்கு ஆபத்து.

அத்தானுக்குச் சொன்னது இதுதான். சானா அறை வேண்டாம். 6 கிலோவாட் ஹீட்டருக்குத் தனி வயரிங், மர வேலை, நம் ஊர்க் கரையான், இவ்வளவும் சேர்ந்து லட்சங்களில் நிற்கும். வருஷத்தில் ஏழெட்டு மாதம் பூட்டித்தான் கிடக்கும். பிரஷர் கட்டுக்குள் இருக்கிற அவருக்கு துபாய் ஜிம்மில் வாரம் இருமுறை, பத்துப் பதினைந்து நிமிஷம், டாக்டர் சரி என்றால் தொடரலாம். ஊரில் இருக்கும்போது காலை நடை. அக்காவுக்கு ராத்திரி பாத வெந்நீரும் கழுத்துக்கு உப்பு ஒத்தடமும்.

சானாவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மாமாவின் குளியலறையோடு சேர்க்கச் சொன்னேன். வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ், உட்கார்ந்து குளிக்க ஒன்றரை அடி உயரத்தில் திண்டு, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள சுவரில் இரண்டு ஸ்டீல் கைப்பிடி, வெளிப்பக்கமும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். பின்னால் யாராவது தொட்டி கேட்டால் வைத்துக்கொள்ள ஒரு வடிகால் குழாயை மட்டும் பிளம்பர் இப்போதே தரைக்கடியில் விட்டுவிடட்டும். 50 லிட்டர் கீசருக்கான வயரையும் இப்போதே இழுத்துவைக்கலாம். தளம் போடும் முன்னால் சொல்லிவிட்டால் செலவு கொஞ்சம்தான்.